தலை நிமிர்ந்து பார்க்கிறான் நம் பிள்ளை

என்னங்க,

எங்கே இருந்தாலும் இதைக் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். இருந்த காலத்தில் நான் எதைச் சொல்ல வந்தாலும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டோ பேப்பரை மடித்துக்கொண்டோதான் கேட்பீர்கள். இன்றைக்கு அப்படிக் கேட்கக் கூடாது. நேற்று நம் நகுல் பள்ளிக்கூட மேடையில் ஏறிப் பேசினான்.

நம் நகுல்தான். வீட்டுக்கு ஆள் வந்தால் தலையைத் தூக்கி வாங்க என்றுகூடச் சொல்ல மாட்டானே, அதே பிள்ளை. ஹால் நிறைய அப்பா அம்மாக்கள். அவன் பேசி முடித்ததும் ஹாலே கை தட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த பஞ்சாபி அம்மா என்னைப் பார்த்து, இது யார் பிள்ளை என்று கேட்டாள். என் பிள்ளை என்றேன். சொல்லிவிட்டு, என்னை அறியாமல் மறுபக்கம் திரும்பினேன். நீங்கள் இருந்திருந்தால் உட்கார்ந்திருக்க வேண்டிய பக்கம்.

அவன் என்ன பேசினான் என்று இப்போதே சொன்னால் உங்களுக்கு முழுசாகப் புரியாது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த போனை வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான். குறையாகச் சொல்லவில்லை. கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது எல்லா வீட்டிலும் வாங்கினார்கள். பாடமே அதில்தான் வந்தது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு எல்லாப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், போன் மட்டும் கையிலேயே தங்கிவிட்டது. நகுலுக்கும் அப்படித்தான். ஒரு கேம். ஊர் ஊராக முகம் தெரியாத பையன்கள் சேர்ந்து ஆடுவது. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பீச்சே, பீச்சே, பின்னால் பார் என்று இந்தியில் கத்துவானே. உங்களுக்குத்தான் தெரியுமே, அதற்காக எத்தனை தடவை அவன் மேல் கோபப்பட்டீர்கள்.

அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நீங்கள் ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அப்புறம் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஊர் ஜனங்கள் ரயில் ஏறிப் போன பிறகு, தில்லி மயூர் விஹாரின் இந்த ஃப்ளாட்டில் நானும் அவனும் மட்டும் இருந்தோம். நான் அழுதேன். அவன் அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனவன், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஏறக்குறைய ஒன்றரை வருஷம் வெளியே வரவில்லை. பள்ளிக்கூடம் போனான், வந்தான். உடம்புதான் போய் வந்தது.

பத்தாவது எப்படியோ பாஸாகிவிட்டான். பதினொன்றில் எல்லாம் சரிந்தது. டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கிறது என்றார். இத்தனைக்கும் வகுப்புக்குள் போன் கொண்டுவரக் கூடாது, அவன் கையில் ஒன்றும் இல்லை. வெறும் விரல்தான் ஆடியிருக்கிறது.

எல்லா அம்மாக்களும் செய்வதை நானும் செய்தேன். பிடுங்கினேன், ஒளித்தேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். ஆனால் ஹோம்வொர்க் வருவது ஸ்கூல் குரூப்பில். போனை வாங்கி வைத்தால், டெஸ்டுக்கு என்ன பாடம் என்றே தெரியவில்லை என்று நிற்பான். திருப்பிக் கொடுத்தால் டெஸ்டையே மறந்துவிடுவான். இதில் எந்தப் பக்கம் நிற்பது, சொல்லுங்கள். உங்களிடம் கேட்க வேண்டும் என்று அப்போதெல்லாம் தோன்றும். உங்கள் நம்பரை இன்னும் நான் அழிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

இனி சொல்லப்போவதைக் கேட்டுப் பதறாதீர்கள். இப்போது நன்றாக இருக்கிறேன்.

அது குளிர்காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கீசர் போட்டுக் குளிக்கப் போனேன். ஈரத் தரையில் கால் வழுக்கி விழுந்தேன். வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு மடங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. நகுல் நகுல் என்று கூப்பிட்டேன். அவன் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அவன் குரல் எனக்குக் கேட்கிறது. எவனையோ சுடு சுடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். என் குரல் அவனுக்குக் கேட்கவில்லை.

கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. பிறகு இடது கையால் சொம்பை எடுத்து எதிர்ப்பக்கத்துச் சுவரில் தட்டினேன். அதற்கு அப்பால் பக்கத்து வீட்டு சுனிதாவின் குளியலறை. அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம், முதலில் குழாய் வேலை நடக்கிறது என்று நினைத்தாளாம். பிறகு சந்தேகம் வந்து ஓடி வந்து மணி அடித்திருக்கிறாள், யாரும் திறக்கவில்லை. நம் வீட்டு மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது நல்லதாகப் போயிற்று. உள்ளே வந்து, குளியலறைக் கதவை இடித்துத் திறந்து, என் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, அவன் அறைக்குப் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவன் வந்து வாசலில் நின்றான். ஹெட்ஃபோன் கழுத்தில் தொங்குகிறது. என்னைப் பார்த்தான், கோணியிருந்த கையைப் பார்த்தான், கையிலிருந்த சொம்பைப் பார்த்தான். எவ்வளவு நேரமாக என்று சுனிதாவிடம்தான் கேட்டான். என்னிடம் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து வா என்றாள் அவள்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பாலத்தின் மேல் பனிமூட்டம், எதிரே வருகிற வண்டி தெரியவில்லை. பையா, ஜல்தி என்று ஆட்டோக்காரரை அவசரப்படுத்திக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் இடத்தில் போன் நம்பருக்கு ஏதோ மெசேஜ் வரும், அதைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அப்போதுதான் அவன் சட்டைப் பையைத் தடவினான். போனை வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறான். அதுவே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. நல்ல வேளை, எங்களோடு வந்த சுனிதா என் போனை எடுத்து வந்திருந்தாள்.

கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். விரல் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அடுக்களைக்குப் போய் விளக்கைப் போட்டான்.

முதல் சில நாள் ஆப்பில் சாப்பாடு வரவழைத்தான். தால் மக்கனி, ராஜ்மா, மறுபடி தால் மக்கனி. என் வயிறு என்னாகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு ரசம் சாதம் கிடைத்தால் போதும் என்று சுனிதாவிடம் போனில் சொன்னதை அவன் கேட்டுவிட்டான். மறுநாள் அடுப்பு மேடையில் போனைச் சாய்த்து வைத்து, ரசம் வைப்பது எப்படி என்று ஒரு வீடியோவைப் போட்டான். புளியைக் கரைத்த கையால் வீடியோவை நிறுத்தப் பார்த்தால் அது நிற்காமல் எங்கேயோ ஓடியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தான். ஸ்க்ரீனெல்லாம் புளித்தண்ணீர்.

"மா, நீயே சொல்லு. இது என் கை பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்றான்.

உள்ளிருந்து சொன்னேன். மிளகு சீரகத்தைக் கடைசியில் தட்டிப் போடு என்றால் முதலிலேயே போட்டான். அந்த ரசம் சுமார்தான். இரண்டு கிண்ணம் குடித்தேன். எத்தனை மாசத்துக்கு அப்புறம் அவனாக என் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டான் தெரியுமா? உப்பு சரியா இருக்கா என்று.

சப்பாத்திதான் அவனைப் பிடித்துக்கொண்டது. அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியா மாதிரி, குஜராத் மாதிரி என்னென்னவோ வடிவத்தில் போட்டுப் போட்டு, பிப்ரவரி முடிவதற்குள் உப்பலாக எழும்புகிற ஃபுல்கா போட ஆரம்பித்துவிட்டான். நான் இருபது வருஷமாக தில்லியில் இருக்கிறேன், என் சப்பாத்தி அப்படி வந்ததில்லை. நீங்கள் அதை அப்பளம் என்றுதானே சொல்வீர்கள்.

ஒருநாள் அவனே வந்து சொன்னான். மாவு பிசைகிற நேரத்தில் போன் அடித்தால் எடுக்க முடிவதில்லை. கை கழுவி, துடைத்து, எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது. முதலில் எரிச்சலாக இருந்ததாம். அப்புறம் மாவு பிசைகிற நேரத்துக்காகவே காத்திருக்க ஆரம்பித்தானாம். "அந்த ஒரு மணி நேரம் தலைக்குள்ள சத்தமே இல்லமா" என்றான். அதைச் சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி ஆச்சரியப்பட்டான்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கட்டைப் பிரித்தார்கள், அதே வாரம் பள்ளிக்கூடத்தில் ரிசல்ட் வந்தது. நகுல் ஃபெயில். வருஷமெல்லாம் விட்டதை ஒரு மாசத்தில் எப்படிப் பிடிப்பது? அன்றைக்கு அறைக்குள் போனவன் கதவைச் சாத்திக்கொண்டான். மறுபடி அந்த பீச்சே, பீச்சே. ஒரு வாரத்துக்கு அவன் முகத்தையே நான் பார்க்கவில்லை. சரியாகச் சேராத கையை வைத்துக்கொண்டு நான் தோசை வார்த்து அவன் வாசலில் வைத்தேன். அந்த வாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு மனசில்லை.

பிறகு ஒரு காலையில் கதவு திறந்தது. கைக்காகப் போட்ட லீவு முடிந்து நான் என் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வந்து என் எதிரில் போனை நீட்டினான். கேம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மூன்று வருஷமாக ஏறி ஏறிப் பெரிய இடத்துக்கு வந்திருந்தானாம், அவனுடைய டீமில் அவன்தான் தலைவனாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டான்.

"திரும்பப் போட்டுக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"முடியும். ஆனா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதுக்கு நான் லெவன்த்தையே முதல்லேர்ந்து படிச்சிடலாம்ல" என்றான்.

பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள், பையனுக்கு வெட்கமாக இருக்கும், தன்னைவிடச் சின்னவர்களோடு உட்கார வேண்டுமே என்று நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இவன் ஒத்துக்கொள்ளவில்லை. பிரின்சிபல் மேடம் ஏன் என்று கேட்டதற்கு அங்கே பதில் சொல்லாமல், மெட்ரோவில் என்னிடம் சொன்னான். கூட்டம் நெருக்கியடித்தது, காதருகே குனிந்து சொன்னான்.

"வேற ஸ்கூல்ல நான் ஃபெயிலானது யாருக்கும் தெரியாதும்மா. தெரியலன்னா நான் திரும்ப ஒளிஞ்சுக்குவேன். இங்கயே உக்காந்துக்கறேன்."

என்னங்க, இந்தப் பேச்சு இவனுக்கு எங்கிருந்து வந்தது? உங்களிடமிருந்தா? என்னிடமிருந்து இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். என் பிள்ளை எனக்குப் புதியவனாகத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

முதல் நாள் வகுப்பில் நுழைந்தபோது பையன்கள் அவனை பையா, பையா என்று கூப்பிட்டுச் சிரித்தார்களாம். இந்தியில் அது அண்ணன். கேலியாகத்தான் சொன்னார்கள். இவன் சிரித்துவிட்டு, எங்கள் பாஷையில் பையா என்றால் பொடிப்பயல் என்று அர்த்தம், எனக்கு இரண்டும் பொருந்தும் என்றானாம். கொஞ்ச நாளில் அந்தக் கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. இன்றைக்கும் அவனுக்கு அங்கே அதுதான் பெயர்.

அந்த வகுப்பில் ரோஹித் என்று ஒருவன். நகுல் எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான், அதைவிட ஒரு பிடி மோசம். ஒரு சாயங்காலம் அவனுடைய அப்பா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். வாட்டசாட்டமான மனிதர், ஏதோ கட்டட கான்ட்ராக்ட் எடுப்பவர். கோபத்தில் மகனுடைய போனைச் சுவரில் அடித்து உடைத்துவிட்டாராம். அன்றிலிருந்து பிள்ளை சாப்பிடவில்லை, அவரோடு பேசவில்லை. உங்கள் மகன் கேமை விட்டுவிட்டானாமே, அவனுக்கு என்ன வைத்தியம் பார்த்தீர்கள், எந்த டாக்டர் என்று என்னிடம் கேட்டார். நான் விழுந்து கையை உடைத்துக்கொண்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

உள்ளிருந்து வந்த நகுல் அவருக்குத் தண்ணீர் கொடுத்தான். உட்காருங்கள் அங்கிள் என்றான். தேவைப்பட்டால் டாக்டரிடமும் காட்டுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவனை இங்கே அனுப்பி வையுங்கள் என்றான். இங்கே வந்து என்ன செய்வான் என்று அவர் கேட்டார். வெங்காயம் நறுக்குவான் என்றான் இவன்.

ரோஹித் வந்தான். அவன் அம்மாவின் பழைய போன் ஒன்று கையில் இருந்தது. நகுல் நம் பெரிய இட்லிக் கொப்பரையைத் திறந்து தன் போனை உள்ளே வைத்தான், அந்தப் பையனைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவனும் வைத்தான். மூடியை மூடிப் பரணில் ஏற்றினான் நகுல். அன்றைக்குப் பூராவும் ரோஹித்தின் கட்டைவிரல் மேஜை மேல் ஆடிக்கொண்டே இருந்தது. நான் பார்க்காதது போல இருந்தேன். எலுமிச்சை சாதம் செய்தார்கள், கசந்து கிடந்தது. தயிரை ஊற்றி இரண்டு பேரும் வழித்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தப் பையன் தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொருவன் வந்தான். அப்புறம் தன்வி என்று ஒரு பெண், எதிர் பிளாக்கில் இருப்பவள். அவளுக்கு கேம் இல்லை, ரீல்ஸ். அதைப் பார்த்துப் பார்த்துத் தன் முகம் தனக்கே பிடிக்காமல் போய்விட்டது என்று ஒருநாள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. சில வாரம் யாராவது வருவதில்லை. வராதவனைப் பற்றி, அவன் மறுபடி விழுந்துவிட்டான், வருவான் என்று நகுல் சொல்வான். வருவார்கள். ஆம்பிளைப் பையன்கள் அடித்த கூத்தில் என் கடுகு டப்பாவுக்கு மூடி இல்லாமல் போயிற்று. இந்த வீட்டில் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பதினொன்றாம் வகுப்பில் பாஸாகி, இப்போது பன்னிரண்டில் இருக்கிறான். முதல் ராங்க் எல்லாம் இல்லை. நடுவில் எங்கேயோ இருக்கிறான். கணக்கு இன்னும் தகராறுதான். எனக்கு அது போதும்.

இனி நேற்றைக்கு வருகிறேன்.

வருஷத் தொடக்கத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவார்களே, அந்தக் கூட்டம். பிள்ளைகளும் போனும் என்று தலைப்பு வைத்திருந்தார்கள். வெளியிலிருந்து ஒரு டாக்டர் வந்து படமெல்லாம் போட்டுக் காட்டினார். நன்றாகத்தான் பேசினார், ஆனால் பாதிப் பேர் அவர் பேசும்போதே மடியில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிரின்சிபல் மேடம் நகுலைக் கூப்பிட்டார். இவன் பேசப்போகிறான் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெறுங்கையோடு ஏறினான். பேசியது இந்தியில். உங்களுக்கு அவன் இந்தி புரியும், இருந்தாலும் நான் தமிழில்தான் எழுதுவேன்.

போனைப் பிடுங்கினால் அது எங்கே இருக்கிறது என்றே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்போம், அதனால் பிடுங்காதீர்கள் என்றான். எங்களுக்கு அது கெட்டது என்று தெரியாமல் இல்லை, தெரிந்துதான் எடுக்கிறோம், வேறு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை என்றான். தான் ஃபெயிலானதைச் சொன்னான். நான் குளியலறையில் விழுந்ததைச் சொன்னான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு உங்களைப் பற்றிச் சொன்னான்.

"அப்பா என்கிட்ட கடைசியா பேசினது, அந்தப் போனைக் கீழ வைடாங்கறதுதான். ஆபீஸ் கிளம்பறப்ப சொன்னார். நான் நிமிர்ந்து பாக்கல. அன்னிக்கு மத்தியானம் அவர் போயிட்டார். அவர் என்கிட்ட அதைச் சொன்னப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எவ்வளவு யோசிச்சாலும் வராது, ஏன்னா நான் பாக்கவே இல்ல. உங்க பிள்ளைங்களுக்கு இத மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவ்வளவுதான். வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

ஒன்றரை வருஷம் அந்த அறைக்குள் அவன் எதைப் பூட்டி வைத்திருந்தான் என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. மடியில் போன் வைத்திருந்தவர்கள் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் ரோஹித்தின் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார், உட்காருவதற்கு மறந்துவிட்டார் போல.

திரும்பி வரும்போது மெட்ரோ ஸ்டேஷனில் ஈ-ரிக்‌ஷா கிடைக்கவில்லை, வீடுவரை நடந்தே வந்தோம். வெயில் இறங்கியிருந்தது. பால் பூத் தாண்டியதும் நான் அவனிடம் சொன்னேன். உன் அப்பா முகத்தை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நான் வாசலில் டிபன் பாக்ஸோடு நின்றுகொண்டிருந்தேன். உன்னிடம் போனைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். இவன் வயசுல நானும் இப்படித்தான் கிரிக்கெட் கமென்டரி ரேடியோவைக் காதுலேர்ந்து எடுக்க மாட்டேன், எங்கப்பா திட்டுவார் என்றார். சிரித்துக்கொண்டேதான் படி இறங்கினார்.

அவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நிஜமாவாம்மா?"

"நிஜமாத்தான். இதுல நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

"என்ன சட்டை போட்டிருந்தார்?"

வெளிர் நீலம் என்றேன். பையருகே ஒரு இங்க் கறை, எத்தனை துவைத்தும் போகாதது. தலை சீவி முடித்தும் பின்னால் ஒரு முடி தூக்கிக்கொண்டு நிற்குமே, அன்றைக்கும் நின்றது. எல்லாவற்றையும் கேட்டான். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு உங்களை அந்த வாசலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டான். நம் ஃப்ளாட் சொசைட்டி கேட் அருகில் வந்தபோது அழுதான். நீங்கள் போன அன்றைக்கு அழ வேண்டிய அழுகை. வாட்ச்மேன் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றும் இல்லை, நல்ல விஷயம்தான் என்று சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரிடம் ராம் ராம் சொல்லிவிட்டு உள்ளே வந்தான்.

உங்களுக்கு அன்றைக்கு அவன் மேல் கோபம் இருந்ததா, உள்ளுக்குள்? இருந்திருந்தாலும் இப்போது இருக்காது. எனக்கு அது தெரியும்.

இன்னொரு சேதி. அடுத்த வருஷம் பிசியோதெரபி படிக்கப் போகிறானாம். ஆஸ்பத்திரியில் என் கைக்கு எக்ஸர்சைஸ் சொல்லிக் கொடுத்த பெண்ணைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான், ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கு அமுக்கு என்று வீட்டில் என் உயிரை வாங்கினான். என் விரல் இன்று இந்தப் பேனாவைப் பிடிக்கிறதென்றால் அவனால்தான். நீங்கள் இன்ஜினியரிங் என்று ஆசைப்பட்டீர்கள். என்ன சொல்கிறீர்கள்? நான் சரி என்று சொல்லிவிட்டேன். அதுவும் எங்கே தெரியுமா, கோயம்புத்தூரில். தமிழில் பெயர்ப்பலகை படிக்கவே எழுத்துக் கூட்டுகிற பிள்ளை. அங்கே நோயாளிகளிடம் எங்கே வலிக்கிறது என்று தமிழில் கேட்க வேண்டுமே என்று இப்போதே என்னிடம் ஒத்திகை பார்க்கிறான். வீட்டுத் தமிழ் வரும், டாக்டர் மாதிரிப் பேசப் போனால் இந்தி கலந்துவிடுகிறது, உங்களுக்கு எங்க தர்த் ஆகுது என்கிறான். சிரித்துச் சிரித்து எனக்கு வலி வந்துவிடுகிறது.

அவன் போய்விட்டால் இந்த வீட்டில் நான் ஒருத்திதான். சுனிதா இப்போதே கேட்கிறாள், எப்படி இருப்பாய் என்று. தெரியவில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, சாப்பிட்டாயா, தூங்கினாயா, எங்கே இருக்கிறாய் என்று நாள் முழுக்க அவனை போனில் கூப்பிட மாட்டேன். என் பயத்துக்காக அவன் கையில் மறுபடி அதைத் திணிக்க மாட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை பேசுவேன். நான் கூப்பிட்டு அவன் எடுக்காவிட்டால், எதிரில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் முகத்தைப் பார்த்து நம் பிள்ளை பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, போனை வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

நகுலைப் பெற்றவள்,
உங்கள் மனைவி
மாலதி